புழுங்கலரிசியும் டாக்டர் பிளெட்சரும்

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஏராளமான உயிர்களைப் பறித்தது. முதலில் கால்கள் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்கு உடல் வீங்கி, இதயமே செயலிழந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களே இதற்கு அதிகம் இரையாயினர். கிள்ளான் போன்ற இடங்களின் தோட்டங்களில் பாடுபட்ட தமிழர்களை இந்நோய் அவ்வளவாக அண்டவில்லை. காரணம் என்ன? ஏதோ கிருமியின் வேலை என்றே பல மருத்துவர்கள் நம்பினர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் மட்டும் உண்ணும் அரிசியின்மீது ஐயம் கொண்டார். அவர் கருத்தைப் பலர் ஏற்கவில்லை.

அதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெட்சர். கோலாலம்பூரில் மருத்துவராக இருந்த இவரின் கவனிப்பில் மனநலக் காப்பகம் ஒன்றும் இருந்தது. 1905இல் அங்குப் பெரிபெரி பரவிப் பலர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பிளெட்சர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணுக்குரியோர் ஒரு கட்டடத்தில் தங்கி, நன்கு தீட்டிய சயாம் வெள்ளை அரிசியை உண்டனர். இரட்டைப்படை எண்ணுக்குரியோர் எதிர்க்கட்டடத்தில் தங்கி, இந்தியப் புழுங்கலரிசியை உண்டனர். குறை கட்டடத்தில் இருக்குமோ எனக் கருதி, இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார், அரிசியை மாற்றவில்லை.

ஓராண்டு சென்றது. வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை. தெளிவான விடைதான், ஆனால், அதற்கு விலையாக உயிரிழந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. இன்று எந்த நாட்டிலும் இத்தகைய ஆய்வுக்கு அனுமதி கிடைக்காது.

1907இல் பிளெட்சர் தம் முடிவுகளை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். நோய்க்குக் காரணம் அரிசியில் உள்ள நச்சா, அல்லது அதில் இல்லாத சத்தா என்பதை அவரால் உறுதியாகக் கூற முடியவில்லை. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, தாது உப்பு, நீர் ஆகியவை கிடைத்தால் உடலுக்குப் போதும் என்றே அக்காலத்தில் எண்ணினர். உயிர்ச்சத்து என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு உயிர்ச்சத்து பி1 போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, அச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அது இல்லாவிடில், உண்ட மாவுச்சத்தை உடலால் முறையாக ஆற்றலாக மாற்ற முடியாது. நரம்பும் இதயமும் தளரும். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகங்களில் இன்றும் கேட்டு வாங்கக்கூடிய புழுங்கல் சோறுதான் அன்று தோட்டத் தமிழர்களைக் காத்தது. அவர்கள் அதை மருந்தாக எண்ணி உண்ணவில்லை. ஊர்ப் பழக்கம், அவ்வளவே.

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஆய்வைத் தொடர்ந்து, தவிட்டில்தான் விடை உள்ளது எனக் காட்டினர். 1926இல் ஜாவாவில் இரு டச்சு அறிவியலாளர்கள் தவிட்டிலிருந்து பி1 சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். அந்நாளில் பிளெட்சர், கோலாலம்பூரில் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தார். நகர்க் கடைகளில் காணும் டைபஸ் வேறு, செம்பனைத் தோட்டங்களிலும் புதர்க்காடுகளிலும் தொற்றும் டைபஸ் வேறு என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் பிரித்துக் காட்டினர்.