மோஸார்ட்டும் நண்பரின் கிளாரினெட்டும்

வடநாட்டில் வந்து குடியேறிய நமக்குக் கிளாரினெட் புதிய வாத்தியம் அன்று. இங்கே கல்யாண ஊர்வலம் வரும்போதெல்லாம் பாண்டு வாத்தியக்காரர்களிடையே அக்கருங்குழலைக் காண்கிறோம். நம் தமிழகத்திலோ, சதிருக்குரிய சின்ன மேளத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே அது இடம் பெற்றது. பின்னர்க் கர்நாடக இசைக் கச்சேரி மேடையும் ஏறியது. ஐரோப்பாவில் பிறந்த இக்குழலுக்கு அங்கே அழியாப் புகழ் தேடித் தந்த மேதை ஒருவரின் வரலாற்றை, நம் காலனிக் குழந்தைகளும் அறியும்பொருட்டு, என் சிற்றறிவுக்கு எட்டியவரை எழுதத் துணிகிறேன்.

உல்ஃப்காங் அமதேயுஸ் மோஸார்ட் 1756 ஜனவரி 27இல் ஸால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை லியோபோல்டு அந்நகரை ஆண்ட பேராயரின் அரண்மனையில் வயலின் வித்வான். மகனின் அபார ஞானத்தைக் கண்ட தந்தை, அவனையும் அவன் தமக்கையையும் அழைத்துக்கொண்டு பாரிஸ், லண்டன் முதலிய நகரங்களுக்கு யாத்திரை செய்தார். பத்து வயது நிரம்புமுன்பே அரசர்கள் முன்னிலையில் வாசித்துப் புகழ்பெற்றான் அச்சிறுவன்.

அக்காலத்தில் கிளாரினெட் இளைய வாத்தியம். நியூரம்பர்க் நகரத்து டென்னர் என்னும் குழல் செய்வோர் 1700ஆம் ஆண்டையொட்டி அதை உருவாக்கினார் என்பர். நம் நாகஸ்வரத்தின் சீவாளி இரட்டை இதழ் உடையது. கிளாரினெட்டின் ஊதுவாயிலோ ஒற்றை நாணற் பட்டையே அதிர்ந்து நாதம் தருகிறது. 1777ஆம் ஆண்டு மன்ஹைம் சென்ற மோஸார்ட், அந்நகரத்துப் புகழ்பெற்ற வாத்தியக் குழுவில் இக்குழல் இசைப்பதைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்தார். ஸால்ஸ்பர்க்கில் அது இல்லையே என்னும் ஏக்கத்தை மறு ஆண்டு தந்தைக்கு எழுதிய கடிதத்தில் வெளியிட்டார். அவ்வாண்டிலேதான், உடன் வந்த அன்னையைப் பாரிஸில் பறிகொடுத்த பெருந்துயரும் அவருக்கு நேர்ந்தது.

1781இல் பேராயரின் ஊழியத்தை உதறிவிட்டு வியன்னாவில் தங்கினார்; மறு ஆண்டு கான்ஸ்டான்ஸி என்னும் மங்கையை மணந்தார். அந்நகரில்தான் ஆன்டன் ஸ்டாட்லரின் நட்புக் கிட்டியது. ஸ்டாட்லரும் அவர் தம்பியும் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோஸப்பின் சேவையில் இருந்த கிளாரினெட் வித்வான்கள். தார ஸ்தாயியில் மட்டுமின்றி, பிறர் அதிகம் நாடாத மந்தர ஸ்தாயியிலும் இழைந்து வாசிப்பதில் ஸ்டாட்லர் வல்லவர். தியோடர் லோட்ஸ் என்னும் கைவினைஞரின் உதவியால், வழக்கமான குழலுக்கும் கீழே நான்கு அரை ஸ்வரங்கள் இறங்கும் நீண்ட கிளாரினெட் ஒன்றையும் அவர் பெற்றார்.

நண்பரின் மூச்சை மனத்திற்கொண்டே மோஸார்ட் எழுதலானார். 1786இல் பியானோ, கிளாரினெட், வயோலா மூன்றும் உரையாடும் உருப்படி ஒன்று பிறந்தது. 1789இல் நான்கு தந்தி வாத்தியங்களோடு கிளாரினெட் இணையும் ஐவர் இசை பிறந்தது. 1791 செப்டம்பரில் பிராக் நகரில் அரங்கேறிய இசை நாடகத்திலும் ஸ்டாட்லரின் குழலுக்கென்றே தனிப் பகுதிகள் அமைத்தார்.

மேதையின் இல்லத்திலோ பணமுடை. 1787 முதல் அரண்மனை அவருக்கு அளித்தது ஆண்டுக்கு 800 குல்டன். அது போதாமல் புக்பர்க் என்னும் வணிகரிடம் மீண்டும் மீண்டும் கடன் கேட்டுக் கடிதம் எழுத நேர்ந்தது. அத்தகைய நிலையிலும் ஸ்டாட்லருக்குப் பணம் கொடுத்து உதவினார், அது திரும்பவில்லை. எனினும் 1791 இலையுதிர் காலத்தில், நண்பரின் நீண்ட குழலுக்கென்றே கிளாரினெட் கான்செர்ட்டோவை எழுதி முடித்தார். அக்டோபர் 16இல் பிராக்கில் ஸ்டாட்லர் நடத்திய கச்சேரியில் அது முதன்முதல் ஒலித்ததாகக் கருதுவர்.

அடுத்த டிசம்பர் 5ஆம் நாள், 35ஆம் வயதிலேயே, மோஸார்ட் மறைந்தார். உயிர் நீத்தோருக்காக எழுதத் தொடங்கிய பிரார்த்தனை இசை முற்றுப்பெறவில்லை. அவர் விட்டுச் சென்ற உடைமைகளை அதிகாரிகள் பட்டியலிட்டபோது, ஸ்டாட்லர் தரவேண்டிய 500 குல்டனை வராக் கடனாகக் குறித்தனர். அரண்மனைச் சம்பளத்தில் அது பாதிக்கும் மேல்!

துயரம் அத்துடன் நிற்கவில்லை. மோஸார்ட்டின் கையெழுத்துப் பிரதிகள் வைத்திருந்த பெட்டி களவு போயிற்று என்று ஸ்டாட்லர் கூறுவதாகவும், அதை அடகு வைத்துவிட்டார் என்று வேறு சிலர் கூறுவதாகவும் 1800இல் கான்ஸ்டான்ஸி எழுதினார். கான்செர்ட்டோவின் மூலப் பிரதி இன்றுவரை கிட்டவில்லை. 1801இல் அது அச்சானபோது, சாதாரணக் குழலுக்கு ஏற்பக் கீழ் ஸ்வரங்கள் மாற்றப்பட்டிருந்தன. ஸ்டாட்லர் 1812இல் காலமானார். அவருடைய நீண்ட குழலும் மறைந்தது. 20ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் பழைய விமரிசனம் ஒன்றையும், எஞ்சிய முன்வரைவுத் தாள்களையும் ஆராய்ந்து அந்த மந்தர ஸ்வரங்களை மீட்டனர். 1794இல் ரீகா நகரில் ஸ்டாட்லர் நடத்திய கச்சேரிகளின் அறிக்கைத்தாள் 1992இல் கிடைத்தது. அதில் அக்குழலின் உருவமே அச்சாகியிருந்தது.

அன்றாடம் ரயில்வே கணக்குப் பேரேடுகளோடு பழகும் எனக்கு, அந்த 500 குல்டன் வரி நெஞ்சில் தைக்கிறது. பேரேட்டிலே ஸ்டாட்லர் கடனாளி, ஐயமில்லை. ஆயினும் ஒவ்வொரு கணக்கிற்கும் பற்று உண்டெனில் வரவும் உண்டன்றோ? அவருடைய மூச்சும் விரலும் இல்லையேல், அந்த ஆழ்ந்த நாதத்தை நாடி மோஸார்ட் எழுதியிருப்பாரோ? மேதை தம் நண்பரின் குறையை அறிந்தே இருந்தார். அவரிடமிருந்த நிறைக்காகவே எழுதினார். பணம் வரவில்லை, இசை நின்றது.

அடுத்த முறை கல்யாண ஊர்வலத்தில் அக்கருங்குழல் ஒலிக்கும்போது, கதவைச் சாத்தாது சற்றே நின்று கேளுங்கள். குழந்தைகளுக்கு இந்த இரு நண்பர்களின் கதையையும் சொல்லுங்கள்.