வேதத்தைப் பாட்டாக்கியவர்
1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், பன்னிரண்டாம் அகவையில் சுவார்ட்ஸ் ஐயருடன் தஞ்சை சென்றார். பேப்ரிஷியஸ் பெயர்த்த தமிழே அவர் நெஞ்சில் பதிந்த வேதம். எழுத்தறியாதாரையும் அது எட்டவேண்டிக் கீர்த்தனையும் குறவஞ்சியும் புனைந்தார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி திருச்சபை; குறி சொல்லும் குறத்தி விசுவாசம்; சிங்கனோ உபதேசியார்! குற்றால மரபில் வந்த சிற்றிலக்கியம் மறைநூலுக்கு உரையாகிவிடுகிறது.

ரேனியுஸ் ஐயர் அவ்வேதத்தைத் திருத்தப் புகுந்தபோது சாஸ்திரியார் வெகுண்டெழுந்தார். ஓதிப் பழகிய சொல்லைப் பெயர்த்தால் சபையின் பக்தியே குலையும் என்பது அவர் வாதம். புலவர்க்கு அது நியாயமாகவே படும். ஆயின் ஆலயத்தில் சாதிவேற்றுமை நிலைக்கவேண்டுமென்றும் அதே உறுதியோடு வழக்காடினார். அதனை மறைத்தல் தகாது.

1864இல் மறைந்தார். அவ்விரு மொழிபெயர்ப்புகளும் பொதுவழக்கிலிருந்து விலகிவிட்டன. அவர்தம் கீர்த்தனைகள் ஆலயங்களில் இன்றும் ஒலிக்கின்றன.