ஆரல்வாய்மொழி மலையில் ஏறிய ஆங்கிலேயருக்கு வளரி கற்றுக்கொடுத்த சின்ன மருது: யார் இவர்?

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு ஆரல்வாய்மொழி நல்லாவே தெரியும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் கணவாய், ஆளைத் தள்ளுகிற காற்று, வரிசையாகக் காற்றாலைகள். அந்தக் கணவாயை அடைத்துக்கொண்டு ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் கோட்டை மதில் நின்றது. அதன் சிதைந்த பகுதிகளை இப்போதும் பார்க்கலாம்.

1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்றபோது, கம்பெனிப் படை இந்த மதில் முன்னால்தான் வந்து நின்றது. மதிலின் நீளம் சுமார் 2 மைல். அதன் மேல் பீரங்கிகள். நேராக மோதினால் ஆள் சேதம் அதிகம். அதனால் ஒரு சிறு படை இருட்டில் பக்கத்து மலைச்சரிவில் ஏறியது. பல மணி நேரம் ஏறி, பிப்ரவரி 10 அதிகாலையில் காவலர்கள் எதிர்பார்க்காத உயரத்தில் இருந்து பாய்ந்தது. கோட்டை விழுந்தது.

அந்தச் சிறு படைக்குத் தலைமை தாங்கியவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. இதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்னால், மதுரையில் இளம் அதிகாரியாக இருந்தபோது, இவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் ஒரு தமிழர். அவர்தான் சிவகங்கையின் சின்ன மருது.

யார் இந்தச் சின்ன மருது?

மருது சகோதரர்களில் இளையவர். 1753-ல் பிறந்தவர். ஊர், இன்றைய விருதுநகர் மாவட்டம் நரிக்குடி பக்கம். அண்ணன் பெரிய மருது 1748-ல் பிறந்தவர். இருவரும் சிவகங்கை அரசர் முத்து வடுகநாதரிடம் வேலைக்குச் சேர்ந்து, வீரத்தால் மேலே வந்தார்கள்.

1772-ல் ஆற்காடு நவாபுக்காக வந்த கம்பெனிப் படை காளையார்கோவிலைத் தாக்கியது. முத்து வடுகநாதர் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியாரும் மகள் வெள்ளச்சியும் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குத் தப்பினார்கள். கூடவே போனவர்கள் மருது சகோதரர்கள். எட்டு ஆண்டு காத்திருப்பு. ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் சிவகங்கை மீட்கப்பட்டது.

அதன் பிறகு பெரிய மருது படையைப் பார்த்துக்கொண்டார். சின்ன மருது பிரதானியாக நிர்வாகத்தைப் பார்த்தார். அண்ணனுக்கு வேட்டையில்தான் நாட்டம். ஆற்காடு வெள்ளி ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று அவரைப் பற்றி ஊரில் பேசிக்கொண்டதை வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார். தம்பி குடியிருந்தது காரைக்குடி பக்கத்துச் சிறுவயல் கிராமத்தில். வாசலில் காவல் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பேசிவிட்டுப் போகலாம். நாட்டை ஆண்டவரின் வீடு இப்படித் திறந்து கிடந்தது வெல்ஷுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வெல்ஷுக்கும் இவருக்கும் எப்படிப் பழக்கம்?

1795-ல் வெல்ஷ் மதுரையில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 20. சின்ன மருது அவருக்கு நல்ல அரிசியும் பழங்களும் அனுப்பிவைப்பார். அதில் தோல் தடித்த, மணம் மிகுந்த ஒரு வகை ஆரஞ்சு இருந்ததாம். அதை வெல்ஷ் பிற்காலத்திலும் மறக்கவில்லை. சாப்பாட்டோடு நிற்காமல், ஆயுதப் பயிற்சியும் கொடுத்தார் சின்ன மருது. 1830-ல் லண்டனில் வெளியான 'மிலிட்டரி ரெமினிசன்சஸ்' என்ற தன் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்.

வளரி அவ்வளவு வேகமான ஆயுதமா?

பிறை வடிவம். மரத்திலும் செய்வார்கள், இரும்பிலும் செய்வார்கள். தந்தத்தில் செய்த வளரிகளும் உண்டு. ஒரு முனை மெலிந்தது, அதைத்தான் பிடிக்க வேண்டும். மறுமுனை கனமானது. தோளுக்கு மேல் சுழற்றி விட்டால், சுழன்றபடியே போய் அடிக்கும். சிலர் நினைப்பதுபோல இது எறிந்தவர் கைக்குத் திரும்பி வராது. மானின் காலையோ ஓடுகிற ஆளின் காலையோ அடித்து வீழ்த்துவதுதான் இதன் முக்கிய வேலை.

தேர்ந்த கை எறிந்தால் 100 கஜம் வரை, அதாவது சுமார் 90 மீட்டர் வரை குறி தப்பாது என்பது வெல்ஷின் கணக்கு. அந்தக் காலத் துப்பாக்கியும் அதே 100 கஜத்தைத் தாண்டினால் குறி சொல்ல முடியாது. பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடுவதே பெரிய விஷயம். மருந்து போட வேண்டும், குண்டு போட வேண்டும், இடிக்க வேண்டும். வளரிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எடுத்தோம், விட்டோம். அடுத்தது தயார்.

வேகத் தாக்குதல்னா உண்மையில் என்ன?

இன்றைய புள்ளிச் சண்டைப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கராத்தே போட்டியில் கையால் அடித்தால் 1 புள்ளி, நடு உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதை பட்டால் 3. யார் முதலில் தொடுகிறார்கள் என்பதுதான் ஆட்டமே. நம்ம சிலம்பத்திலும் இது பழைய வழக்கம். கம்பு முனையில் சாயப்பொடி தடவி, எதிராளி உடம்பில் எத்தனை தடம் விழுந்தது என்று எண்ணுவார்கள்.

இதில் ஜெயிக்க மூன்று விஷயம் வேணும். ஒன்று, அடிக்கப் போகிறோம் என்று தோளோ கண்ணோ காட்டிக்கொடுக்கக் கூடாது. இரண்டு, தூரம். எதிராளியின் கை எட்டாத இடத்தில் நின்று, ஒரே பாய்ச்சலில் நம் கை எட்டும் இடத்துக்குப் போக வேண்டும். மூன்றாவது கால். குமரி மாவட்டத்து அடிமுறை ஆசான்மார் முதலில் சுவடு வைக்கத்தான் சொல்லித்தருவார்கள். அடி அப்புறம்தான். கால் சரியான இடத்துக்குப் போகவில்லை என்றால் கை எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை.

வளரி இந்த மூன்றையும் ஒரே வீச்சில் சேர்க்கிறது. சின்ன மருதுவின் போர் முறையும் அப்படித்தான் இருந்தது. காட்டுக்குள் இருந்து திடீரென வருவது, அடிப்பது, மறைவது.

1801-ல் என்ன நடந்தது?

கட்டபொம்மன் 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். சிறையில் இருந்த அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இருந்து தப்பினார். பாஞ்சாலங்குறிச்சியை மறுபடி கட்டினார். மே மாதம் அதுவும் விழுந்தது. காயத்தோடு தப்பிய ஊமைத்துரைக்கு மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். கம்பெனி அவரை ஒப்படைக்கச் சொன்னது. மருதுகள் மறுத்தார்கள். சண்டை சிவகங்கைக்கு வந்தது.

ஜூன் 16-ல் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சி கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜம்புத் தீவு பிரகடனம் என்று இன்று சொல்கிறோமே, அதுதான். எந்தச் சாதியாக இருந்தாலும் சரி, எல்லாரும் சேர்ந்து வெள்ளையரை எதிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கர்னல் அக்னியூவின் படை சிறுவயலை நெருங்கியபோது, கிராமத்தை மருதுகளின் ஆட்களே எரித்துவிட்டுக் காட்டுக்குள் போனார்கள். அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்தது கம்பெனிப் படை. ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டியும் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் மரங்களுக்கு இடையில் இருந்து தாக்குதல். கடைசியில் அந்த வேலையைக் கைவிட்டுப் பின்வாங்கினார்கள்.

புள்ளிக் கணக்குப் போட்டால் அந்த மாதம் மருதுகளுக்குத்தான் வெற்றி. ஆனால் போட்டியில் தொட்டவுடன் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். போரில் யாரும் நிறுத்துவதில்லை. கம்பெனி வேறு வழியைப் பிடித்தது. செப்டம்பரில் படமாத்தூர் கௌரி வல்லபரை சிவகங்கைக்கு உரியவராக அறிவித்து, மருதுகளின் பக்கம் நின்றவர்களைப் பிரித்தது. அக்டோபர் 1-ல் காளையார்கோவில் விழுந்தது.

சில வாரங்களில் சின்ன மருது தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்டார். அவரைத் தேடி அலைந்த படையில் வெல்ஷும் இருந்தார். தனக்கு வளரி கற்றுக்கொடுத்தவரை ஒரு காட்டு விலங்கைப்போல விரட்ட வேண்டி வந்ததையும், அவர் காலொடிந்து சிறையில் கிடந்ததையும் வெல்ஷே மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1801 அக்டோபர் 24-ல் அண்ணனும் தம்பியும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

அதற்கப்புறம்?

சின்ன மருதுவின் இளவயது மகன் துரைசாமி உள்பட 73 பேர் 1802-ல் பினாங்கு தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1818-ல் வெல்ஷ் பினாங்கு போனபோது, தளர்ந்துபோன ஒருவர் அவர் அறைக்குள் வந்து நின்றார். வெல்ஷுக்கு யாரென்று தெரியவில்லை. வந்தவர் கண்ணீரோடு தன் பெயரைச் சொன்ன பிறகுதான், அது துரைசாமி என்று புரிந்தது. வயது முப்பதுகளில்தான் இருக்கும். கிழவரைப்போல ஆகியிருந்தார்.

ஆயுதங்களுக்கும் தண்டனை வந்தது. 1801 டிசம்பரில் கம்பெனி அரசு தென்பகுதிப் பாளையங்களில் ஆயுதம் வைத்துக்கொள்ளத் தடை போட்டது. வளரி மெல்ல மெல்லக் கைகளை விட்டுப் போனது. இன்று அதைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ புதுக்கோட்டைக்கோ போக வேண்டும். சிலம்பம் தப்பித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா விளையாட்டுப் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

வளரி கற்றதால்தான் வெல்ஷ் ஆரல்வாய்மொழியைப் பிடித்தார் என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு வேலை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிங்க. 1801-ல் காட்டுக்குள் இருந்து வந்த திடீர் அடிகளைப் பட்டுத் திணறிய படையில் இருந்தவர் அவர். எட்டு ஆண்டு கழித்து இந்தக் கணவாயில், எதிராளி பார்க்காத பக்கத்தில் இருந்து, எதிர்பார்க்காத நேரத்தில் அடித்தவரும் அவர்தான்.

சின்ன மருது தன் வித்தையைப் பூட்டி வைக்கவில்லை. வீட்டு வாசலைப் போலவே அதையும் திறந்துதான் வைத்திருந்தார். அவர் எப்படி வளரி வீசினார், எப்படி வாழ்ந்தார் என்று இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவரிடம் கற்ற அந்த எதிரி எழுதி வைத்ததுதான். அடுத்த முறை ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது, காற்றாலைகளோடு சேர்த்து அந்த மலைச்சரிவையும் ஒரு தடவை பாருங்க.