மூளைத் திசுவில் நோயைத் தேடியவர்

காய்ச்சல் கண்டவரின் குருதியைச் சோதித்து நோயை அறிகிறோம். எலும்பு முறிந்தால் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கிறோம். ஆனால், ஒருவருடைய நினைவு குன்றினால், பேச்சு தடுமாறினால், வீட்டாரையே அடையாளம் காண இயலாமற் போனால், அந்நோயை எங்கே சென்று தேடுவது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவர்களை வாட்டிய வினா இது. மனநோய் மனத்திற்கு மட்டுமே உரியது என்று ஒரு சாரார் கருதினர். மூளையின் திசுவில் அதன் தடயம் இருந்தே தீரும் என்று மற்றொரு சாரார் நம்பினர். அவ்வாறு நம்பியவர்கள் பலர். நுண்ணோக்கியின் முன் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து அதனை மெய்ப்பிக்க முயன்றவர்கள் சிலர். அச்சிலருள் ஒருவர் அலாய்ஸ் அல்சைமர். இன்று அவருடைய பெயர் ஒரு நோயின் பெயராகவே வழங்குகிறது. அவர் யார் என்பதோ பலருக்குத் தெரியாது.

அல்சைமர், ஜெர்மனி நாட்டின் பவேரியப் பகுதியில், மைன் ஆற்றங்கரையில் உள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தை ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் சட்ட அலுவலர். அல்சைமர் பெர்லின், டூபிங்கன், வூர்ட்ஸ்பர்க் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்றார். மாணவப் பருவத்தில் வாட்போட்டியில் ஈடுபட்டு முகத்தில் தழும்பு பெற்றவர் என்பதும் அவர் வரலாற்றில் உண்டு. 1887இல் மருத்துவப் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வேடு, காதுக் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது. இது கேட்பதற்கு நகைப்பாக இருக்கலாம். ஆயினும், திசுவை மெல்லிதாகச் சீவி நுண்ணோக்கியில் நோக்கும் பழக்கம் இளமையிலேயே அவர் கைக்கு வந்துவிட்டது.

1888ஆம் ஆண்டின் இறுதியில் பிராங்க்பர்ட் நகரின் மனநோயாளர் மருத்துவமனையில் அவர் பணியில் சேர்ந்தார். குழந்தைகளுக்கான புகழ்பெற்ற படக்கதை நூலொன்றை எழுதிய ஹைன்ரிக் ஹோப்மன் என்னும் மருத்துவரே அம்மனையை உருவாக்கியவர். அல்சைமர் சேர்ந்தபோது எமில் சியோலி அதன் தலைவராக இருந்தார். நோயாளிகளைக் கட்டிவைத்துக் காப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பது சியோலியின் கொள்கை. அல்சைமரும் அவ்வழியே நின்றார். நோயாளியின் அருகில் அமர்ந்து, பொறுமையாக வினவி, விடையைச் சொல் பிசகாமல் எழுதிவைப்பது அவருடைய வழக்கம்.

அடுத்த ஆண்டில் பிரான்ஸ் நிசல் என்னும் மருத்துவர் அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் உயிர் நண்பராயினர். பகலில் நோயாளிகள், மாலையில் நுண்ணோக்கி என அவர்தம் நாள்கள் கழிந்தன. நிசல், மாணவராக இருந்தபோதே ஓர் அரிய முறையைக் கண்டறிந்தவர். அதன் அருமையை உணர, மூளைத் திசுவைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

இறந்தவரின் மூளை மிக மென்மையானது. அதனை அப்படியே வெட்ட இயலாது. எனவே, முதலில் வேதிக் கரைசலில் ஊறவைத்து இறுகச் செய்வர். பின்னர், நுண்சீவி என்னும் கருவியால், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடுகளாகச் சீவுவர். அத்தகட்டை நுண்ணோக்கியில் வைத்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. எல்லாம் ஒரே வெளிறிய நிறமாக இருக்கும். சாயம் ஏற்றினால்தான் உறுப்புகள் தனித்தனியே விளங்கும். துணிக்கு ஏற்றும் சாயங்களை ஒத்த செயற்கைச் சாயங்களைக் கொண்டே நிசல் நரம்பணுக்களின் உடற்பகுதியை நீல நிறத்தில் துலங்கச் செய்தார். ஒவ்வொரு சாயமும் ஒவ்வொன்றையே காட்டும். ஒன்று காட்டுவதை மற்றொன்று மறைக்கும். ஆதலால், ஒரே மூளையின் பல தகடுகளுக்குப் பல சாயங்களை ஏற்றி, அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. நோயுற்ற திசுவை அறிய வேண்டுமெனில், நோயற்ற திசுவையும் முதுமையில் இயல்பாக மாறிய திசுவையும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். இவ்வேலைக்கு அறிவைவிடப் பொறுமையே மிகுதியும் தேவை.

1894இல் அல்சைமர் சிசிலி என்பவரை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிசிலி இறந்தார். அத்துயரை அல்சைமர் வேலையில் மூழ்கியே கடந்தார்.

அதே ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், 51 வயதுப் பெண்மணி ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மருத்துவ நூல்கள் அவரை நெடுங்காலம் அகுஸ்டே டி. என்றே குறித்தன. அவர் இரயில்வே எழுத்தர் ஒருவரின் மனைவி. முதலில் கணவர்மீது காரணமற்ற ஐயம் கொண்டார். பின்னர் நினைவு விரைவாகக் குன்றியது. தம் வீட்டிலேயே வழி தெரியாமல் அலைந்தார். பொருள்களை எடுத்து ஒளித்து வைத்தார். மறுநாள் அல்சைமர் அவரருகில் அமர்ந்து பெயரை வினவினார். அவர் தம் பெயரைச் சரியாகச் சொன்னார். கணவர் பெயரைக் கேட்டபோதும் தம் பெயரையே சொன்னார். நண்பகலில் அவர் காலிபிளவரும் இறைச்சியும் உண்டுகொண்டிருந்தார். உண்பது என்ன என்று கேட்டதற்குக் கீரை என்றார். எழுதுகோலையும் சாவியையும் காட்டியபோது அவற்றின் பெயர்களைச் சரியாகக் கூறினார். சற்று நேரத்தில், அவற்றைக் கண்டதையே மறந்துவிட்டார். பெயரை எழுதச் சொன்னபோது, திருமதி என்னும் முதற்சொல்லை எழுதிவிட்டு நின்றார். மேற்கொண்டு எழுத வேண்டியதை ஒவ்வொரு சொல்லாக நினைவூட்ட வேண்டியிருந்தது. தம்மையே தாம் தொலைத்துவிட்டதாக அவர் பலமுறை கூறினார். இவை அனைத்தையும் அல்சைமர் ஒன்று விடாமல் எழுதிவைத்தார்.

வயது முதிர்ந்தோர்க்கு மறதி வருவதை மருத்துவர்கள் அறிந்திருந்தனர். 51 வயதில் இத்துணை கடுமையாக வருவதற்குக் காரணம் என்ன? அந்நாளில் மனநோய் மனைகளை நிறைத்த வேறொரு நோயும் உண்டு. தொற்றுநோய் ஒன்றினால், பல ஆண்டுகள் கழித்து, மூளை பாதிக்கப்பட்டு அறிவும் உடலும் ஒருங்கே செயலிழக்கும். வெளித்தோற்றத்தில் பல மனநோய்கள் அதனை ஒத்திருந்தன. அவற்றுள் எது எது என்று திசுவைக்கொண்டு பிரித்தறியும் வழியை விளக்கி அல்சைமர் 1904இல் விரிவான ஆய்வேடு ஒன்றை வெளியிட்டார். பிறிதொரு நோயின் பெயரால் அவர் புகழ் பெற்றாலும், அவருடைய உழைப்பின் முழு ஆழத்தையும் காட்டுவது இந்நூலே எனலாம்.

இதற்குள் அவர் எமில் கிரேப்பலின் என்னும் பெரும் மனநோய் வல்லுநரின் அழைப்பை ஏற்று, ஹைடல்பெர்க் வழியாக மியூனிக் நகருக்குச் சென்றிருந்தார். அங்குத் தொடக்கத்தில் ஊதியமின்றியே உழைத்தார். பல நாட்டு இளைஞர்கள் அவரிடம் பயில வந்தனர். அவர் ஒவ்வொரு மாணவரின் அருகிலும் அமர்ந்து நுண்ணோக்கியில் பார்த்து விளக்குவார். பேச்சின் சுவையில், கையிலிருந்த சுருட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து செல்வார். மாலையில் ஒவ்வொரு மேசையிலும் அணைந்த சுருட்டுத் துண்டு ஒன்று கிடக்கும் என்பர்.

ஊர் மாறியும் அவர் அகுஸ்டேயை மறக்கவில்லை. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அப்பெண்மணி பிராங்க்பர்ட்டில் இறந்தார். அல்சைமரின் வேண்டுகோளுக்கு இணங்கி, நோய்க்குறிப்புகளும் மூளையும் மியூனிக்கிற்கு அனுப்பப்பட்டன. மூளையின் புறணி சுருங்கியிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி உருவாக்கியிருந்த வெள்ளிச் சாயமுறையை அல்சைமர் கையாண்டார். பழைய ஒளிப்படச் சுருளைப் போலவே, இதிலும் வெள்ளி உப்பு கருமையாகப் படிந்து உருவங்களைக் காட்டும். பல நரம்பணுக்களுக்குள் மெல்லிய இழைகள் தடித்து, நூற்சிக்கல் போல முறுக்கிக் கிடந்தன. சில இடங்களில் அணு முற்றிலும் அழிந்து, சிக்கல் மட்டும் எஞ்சியிருந்தது. அணுக்களுக்கு வெளியே, புறணி எங்கும், ஏதோ ஒரு பொருள் சிறுசிறு புள்ளிகளாகப் படிந்திருந்தது. அவற்றைக் குறிக்க அவர் ஆண்ட சொல், தினை போன்ற சிறுதானிய மணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

1906 நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரில் கூடிய மனநோய் மருத்துவர் அவையில் அல்சைமர் இதனை எடுத்துரைத்தார். ஒருவரும் வினா எழுப்பவில்லை. மறு ஆண்டில் சில பக்க அளவில் கட்டுரை வெளிவந்தது. 1910இல் கிரேப்பலின் தம் பாடநூலின் புதிய பதிப்பில் இதற்கு அல்சைமர் நோய் எனப் பெயரிட்டார். இவ்விடத்தில் மற்றொருவரையும் நினைத்தல் முறை. பிராகா நகரைச் சேர்ந்த ஆஸ்கர் பிஷர், முதியோர் மூளைகளில் அத்தகைய படிவுகளை ஆராய்ந்து 1907இலேயே எழுதினார். அவர் பெயர் நிலைபெறவில்லை.

அல்சைமரோ, தம் பெயரால் அமைந்த நோயைப் பற்றி ஐயம் தீராதவராகவே இருந்தார். இது தனி நோயா, முதுமை மறதியே முன்கூட்டி வந்ததா என்று அவரால் முடிவு கூற இயலவில்லை. 1911இல் மற்றொரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவருடைய மூளையில் படிவுகள் இருந்தன, இழைச்சிக்கல்கள் காணப்படவில்லை. முன்னர்க் கூறியதோடு முரண்படுகிறதே என்று அவர் அதனை மறைக்காமல், உள்ளவாறே வெளியிட்டார்.

1912இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்நகர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அங்குச் செல்லும் வழியில் இரயிலிலேயே நோயுற்ற அவர், முழு நலம் பெறாமலே மூன்றாண்டுகள் பணியாற்றி, 1915 டிசம்பர் 19ஆம் நாள் தம் 51ஆம் வயதில் மறைந்தார். பிராங்க்பர்ட்டில் மனைவியின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கண்ட படிவுகளும் சிக்கல்களும் இருவேறு புரதங்களால் ஆனவை என்பது 1980களில்தான் தெளிவாயிற்று. இன்று மூளைக்கட்டியை அறுவை செய்கையில், சிறு துண்டை எடுத்து உறையவைத்துச் சீவி, அறுவை முடியுமுன்பே அதன் தன்மையைச் சொல்லிவிடுகின்றனர். மறதிநோய்க்கு உயிருடன் இருப்போரின் மூளையை அவ்வாறு எடுப்பது வழக்கமன்று. நெடுங்காலம் இறப்புக்குப் பின்னரே உறுதி கூற முடிந்தது. அண்மைக் காலத்தில் மூளைப் படங்களும் தண்டுவட நீர்ச் சோதனையும் துணைபுரிகின்றன. நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆகவே, குடும்பத்தார் கொடையாக வழங்கும் மூளைகள் ஆய்வுக்குப் பெருந்துணையாகின்றன. நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் அத்தகைய மூளைத் திசுச் சேமிப்பகமும் மூளை அருங்காட்சியகமும் உள்ளன.

அகுஸ்டேயின் நோய்க்குறிப்பேடு காணாமற்போய், 1995இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் மீண்டும் கிடைத்தது. அல்சைமரின் கையெழுத்துக் குறிப்புகளோடு, அப்பெண்மணி தம் பெயரை எழுத முயன்ற தாளும் அதில் இருந்தது. சில ஆண்டுகளில் மியூனிக்கில் அவருடைய மூளைத் தகடுகளும் அகப்பட்டன. ஏறத்தாழ 90 ஆண்டுகள் கடந்தும் சாயம் மங்கவில்லை. ஆய்வாளர்கள் அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தனர். இழைச்சிக்கல்களும் தினையொத்த படிவுகளும் அல்சைமர் எழுதியவாறே அங்கு இருந்தன.