துடைப்பம் ஏந்திய துறவி

மும்பையில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மாதுங்காவுக்கு அடுத்த ரயில் நிலையம் தாதர். அங்கே ஒரு தர்மசாலை உள்ளது. பரேலில் இருக்கும் டாடா நினைவு மருத்துவமனைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற வரும் ஏழை நோயாளிகளும், அவர்களுக்குத் துணையாக வருபவர்களும் அங்கே தங்குகின்றனர். நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வருகின்ற அவர்களுக்கு அந்த இல்லம் பெரிய ஆறுதல். அது தாங்கி நிற்கும் பெயர் சந்த் காட்கே மகராஜ். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காத, தமக்கென்று ஒரு குடிசையும் வைத்துக்கொள்ளாத ஒரு மகானின் பெயர் அது.

ஒழுக்கம் என்பது எங்கிருந்து பிறக்கிறது? அரசின் சட்டத்திலிருந்தா, ஊராரின் கண்டனத்திற்கு அஞ்சுவதிலிருந்தா, மனிதனின் உள்ளத்திலிருந்தா? அறிஞர்கள் காலங்காலமாக ஆராய்ந்துவரும் இக்கேள்விக்கு அந்த மகான் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தார்.

ஒரு விருந்து

இன்றைய மகாராஷ்டிரத்தின் அமராவதி மாவட்டத்தில், ஷேண்ட்காவ் என்னும் சிற்றூரில், 1876 பிப்ரவரி 23 அன்று, சலவைத் தொழில் செய்யும் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் ஜிங்ராஜியும் சக்குபாயும். பிள்ளைக்கு தேபுஜி என்று பெயர். தந்தை மதுவுக்கு அடிமையாகி, மகன் சிறுவனாக இருக்கும்போதே உயிரிழந்தார். தாய் மகனோடு தம் பிறந்தகத்தில் அடைக்கலம் புகுந்தார். அங்கே மாடு மேய்த்தும் வயலில் உழைத்தும் தேபுஜி வளர்ந்தார்.

அக்காலத்தில் அச்சமூகத்தினரின் இல்லங்களில் எந்தச் சடங்கு நடந்தாலும் ஆடு வெட்டி, மது பரிமாறி விருந்து வைத்தாக வேண்டும். கையில் பணமில்லாதவர் வட்டிக்குக் கடன் வாங்கியாவது அதைச் செய்தனர். கடன் வளர்ந்து நிலத்தை விழுங்கியது. குடி வளர்ந்து குடும்பத்தை விழுங்கியது. இவ்விரண்டையும் தேபுஜி தம் வீட்டிலேயே கண்டிருந்தார்.

தம் மகளின் பெயர்சூட்டு விழாவில் அவர் மதுவும் மாமிசமும் இல்லாத இனிப்பு விருந்தை அளித்தார். உறவினர் முகம் சுளித்தனர். அவரை அவ்வாறு செய்யும்படி எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. ஊர் வழக்கமோ அதற்கு நேர் எதிரானது. தவறு என்று உள்ளம் உணர்ந்த ஒன்றைச் சுற்றத்தாரின் மதிப்புக்காகச் செய்ய அவர் மறுத்தார். அறம் முளைவிடும் இடம் அதுதான்.

சட்டியும் துடைப்பமும்

1905 பிப்ரவரி முதல் நாளன்று அவர் இல்லத்தைத் துறந்து வெளியேறினார். பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் ஊராகத் திரிந்தார். உடலில் கந்தல்களை இணைத்துத் தைத்த ஆடை, கையில் துடைப்பம், உண்பதற்கு ஓர் உடைந்த மண்சட்டி. வழிநடையில் அந்தச் சட்டியே தலைக்கு மறைப்பாகும். மண்சட்டியை மராத்தியில் 'காட்கே' என்பர். மக்கள் அவரைக் காட்கே பாபா என்று அழைக்கத் தொடங்கினர்.

ஓர் ஊருக்குள் நுழைந்ததும் அவர் யாரிடமும் பேசமாட்டார். தெருவையும் சாக்கடையையும் தூய்மை செய்யத் தொடங்கிவிடுவார். முதலில் பைத்தியக்காரன் என்று சிரித்தவர்கள், பொழுது சாய்வதற்குள் தாமும் துடைப்பத்துடன் வந்து நிற்பார்கள். உழைக்காமல் உண்பதில்லை என்பது அவருடைய விரதம். விறகு பிளந்தோ வேறு வேலை செய்தோதான் யாரிடமும் உணவு பெறுவார். காலில் விழ வருபவர்களைத் தடியை ஓங்கி விரட்டுவார்.

தன் வீட்டு முற்றத்தைப் பெருக்கிக் குப்பையைத் தெருவில் தள்ளுவது மனித இயல்பு. எல்லோரும் நடக்கும் தெருவைத் தன்னுடையதாக எண்ணிப் பெருக்கும்போது, அவன் 'நான்' என்ற சிறு வட்டத்தைத் தாண்டிவிடுகிறான். சமூகம் என்பது அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பாபாவின் துடைப்பம் நாள்தோறும் கற்பித்த பாடம் இது.

பகலில் தெருவைத் தூய்மை செய்தவர், இரவில் கீர்த்தனத்தால் உள்ளங்களைத் தூய்மை செய்தார். உபதேசம் செய்யும் தோரணை அதில் இருக்காது. கூடியிருக்கும் எளிய மக்களிடம் அவர் கேள்விகளைக் கேட்பார். விடையை அவர்கள் வாயாலேயே வரவழைப்பார். கடவுளின் பெயரால் உயிர்ப்பலி கொடுப்பது, கடன் வாங்கி விழா நடத்துவது, மது அருந்துவது, பிறப்பால் ஒருவரைத் தாழ்ந்தவர் என்று ஒதுக்குவது ஆகியவை சரியா என்று அவர்களே சிந்தித்து முடிவு செய்யும்படி விட்டுவிடுவார். பிறர் திணித்த ஒழுக்கம் அவர் பார்வை மறைந்ததும் கழன்றுவிடும். தானே கண்டறிந்த ஒழுக்கம் தனிமையிலும் துணை நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1923-இல், கொங்கணப் பகுதியில் கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய ஒரே மகன் இறந்த செய்தி வந்தது. பாபா கீர்த்தனத்தை நிறுத்தவில்லை. எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளை இழந்து தவிக்கும் உலகில், தம் துயரத்தை மட்டும் தனியே எடுத்துவைத்து அழ அவர் விரும்பவில்லை.

தமக்கென ஒன்றுமின்றி

அவரை நம்பி மக்கள் அளித்த நன்கொடைகள் பெரும் தொகையாகச் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு பண்டரிபுரம், நாசிக், ஆளந்தி முதலிய தலங்களிலும், மும்பையில் ஜே.ஜே. மருத்துவமனைக்கு அருகிலும் தர்மசாலைகள் எழுந்தன. அவற்றில் தமக்கோ தம் உறவினருக்கோ எந்த உரிமையும் கிடையாது என்பதை அவர் உறுதியாக எழுதிவைத்தார். பொதுப் பணத்திற்குப் பொறுப்பேற்பவரின் ஒழுக்கத்துக்கு இதைவிட உயர்ந்த இலக்கணம் வேண்டியதில்லை.

பண்டரிபுரத்தில், அக்காலத்தில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட யாத்திரிகர்கள் தங்க இடமின்றித் தவித்தனர். அவர்களுக்காக, அச்சமூகத்திலேயே தோன்றிய பழைய பக்தரான சொக்காமேளரின் பெயரால் ஒரு தர்மசாலையைப் பாபா கட்டினார். தாதர் இந்து காலனியில் 'ராஜகிருகம்' என்னும் இல்லத்தில் வாழ்ந்த டாக்டர் அம்பேத்கரிடம் அவருக்கு மிகுந்த மதிப்பு உண்டு. 1949-இல் அந்தத் தர்மசாலையை, அம்பேத்கர் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்திடம் அவர் ஒப்படைத்தார். எழுத்தறியாத அத்துறவி, ஏழைப் பிள்ளைகளின் கல்வியை இறைவழிபாட்டுக்குச் சமமாகக் கருதினார். 1954-இல் கராடு நகரில் கர்மவீரர் பாவுராவ் பாட்டீல் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

சட்டமும் மனச்சான்றும்

பம்பாய் மாகாணத்தில் 1949-இல் மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் சாராயம் மறைவிடங்களுக்குப் போயிற்று. சதுப்பு நிலத்தை ஒட்டியிருந்த தாராவியும் அத்தகைய இடங்களுள் ஒன்றாயிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர்களும், குஜராத்திலிருந்து வந்த குயவர்களும் உழைத்து உருவாக்கிய பகுதி அது. பகலெல்லாம் பாடுபட்டுப் பெற்ற கூலி இரவில் திருட்டுச் சாராயத்தில் கரைந்தபோது, துன்புற்றவர்கள் அந்த வீடுகளின் பெண்களும் குழந்தைகளுமே.

சட்டம் தேவையற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. வலியவனிடமிருந்து எளியவனைக் காப்பதற்குச் சட்டம் வேண்டும். ஆனால் சட்டம் கதவுவரைதான் வரும். கதவுக்கு உள்ளே மனிதனை நெறிப்படுத்த மனச்சான்று ஒன்றே உண்டு. சட்டம் இயற்றப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தந்தையைக் குடிக்குப் பறிகொடுத்த ஓர் இளைஞர் தம் வீட்டு விருந்தில் மதுவை விலக்கியதை எண்ணிப் பார்த்தால் இவ்வேற்றுமை விளங்கும்.

1956 நவம்பரில், மும்பை பாந்திராவில், காவல் நிலையத்தில் பாபாவின் கீர்த்தனம் நடைபெற்றது. சட்டத்தைக் காப்பவர்களின் இடத்தில் மனச்சான்றை விழிக்கச் செய்யும் குரல் ஒலித்தது பொருத்தமே. சில வாரங்களில், டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் மறைந்தார். பதினான்கு நாட்கள் கழித்து, டிசம்பர் 20 அன்று, அமராவதிக்குச் செல்லும் வழியில் பாபாவும் இறைவனடி சேர்ந்தார்.

அவர் பெயரால் மகாராஷ்டிர அரசு 2000-ஆம் ஆண்டில் கிராமத் தூய்மை இயக்கத்தைத் தொடங்கியது. 2005-இல் அமராவதிப் பல்கலைக்கழகம் அவர் பெயரைப் பெற்றது. இவை போற்றத்தக்கவை. ஆயினும் பாபாவுக்குச் செலுத்தும் மெய்யான வழிபாடு இன்னும் எளியது. யாரும் பார்க்காத நேரத்தில், யாருக்கும் சொந்தமில்லாத தெருவில், தான் போடாத குப்பையை ஒருவர் குனிந்து எடுக்கும்போதெல்லாம் அந்த வழிபாடு நிகழ்கிறது. ஒரு சமூகத்தைத் தாங்கி நிற்பது அத்தகைய மனிதர்களின் மௌனமான அறமே.