ஒற்றைக் கை, ஓர் அவரை விதை, ஒன்பது ஆண்டுகள்

லாக்டோஸ் இல்லாத பால் குடிச்சிருக்கீங்களா? பாலில் இருக்கும் சர்க்கரையை உடைத்துத் தருவது ஒரு நொதி, அதாவது என்ஸைம். இன்று நொதிகளைத் தனியாகப் பிரித்து, அளந்து, புட்டியில் அடைத்து விற்கிறார்கள். ஆனால், 100 ஆண்டுகளுக்கு முன்பு நொதி என்பது எதனால் ஆனது என்பதிலேயே சண்டை. அதற்கு விடை கண்டவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர்.

யார் இவர்?

1887இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். 17 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில், கூட வந்தவரின் துப்பாக்கிக் குண்டு அவரது இடது கையில் பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கையை எடுக்க வேண்டியதாயிற்று. அவரோ இடது கைப் பழக்கம் உள்ளவர்! எழுதுவது முதல் டென்னிஸ் வரை எல்லாவற்றையும் வலது கையால் புதிதாகப் பழகினார்.

ஒற்றைக் கையோடு வேதியியலில் முன்னேற முடியாது, சட்டம் படியுங்கள் என்று ஹார்வர்டு பேராசிரியர் ஓட்டோ ஃபோலின் அறிவுரை சொன்னார். சம்னர் அசரவில்லை. 1914இல் அதே ஃபோலினிடம் முனைவர் பட்டம் வாங்கினார்.

விதையில் என்ன தேடினார்?

கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை. பாடம் நடத்தவே நேரம் சரியாக இருந்தது; கருவிகளும் குறைவு. இருந்தாலும் 1917இல், ஒரு நொதியைச் சுத்தமாகப் பிரித்தே தீருவது என்று இறங்கினார். எடுத்துக்கொண்டது, வாளவரைக்கு நெருங்கிய சொந்தமான ஜாக் பீன் விதை. யூரியாவை உடைக்கும் யூரியேஸ் நொதி அதில் நிறைய உண்டு.

விதையை மாவாக்கி, ஊறவைத்து, வடிகட்டி, குளிரவைக்க வேண்டும். ஆய்வகத்தில் ஐஸ் பெட்டிகூட இல்லாத நாள்களில், குடுவைகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் குளிர் இரவுக்காகக் காத்திருந்தார்.

1926இல் அசிட்டோன் கலந்த நீரைப் பயன்படுத்திப் பார்த்தார். இரவு முழுதும் குளிரில் இருந்த கரைசலில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், குட்டிக் குட்டிப் படிகங்கள்! அவற்றைத் தண்ணீரில் கரைத்தபோது நொதி பலமாக வேலை செய்தது. சோதித்ததில் அது புரதம் என்று தெரிந்தது.

உலகம் நம்பியதா?

உடனே இல்லை. நொபெல் பரிசு பெற்ற ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஷ்டாட்டர் தரப்பு, நொதி புரதமே அல்ல என்று வாதாடியது. 1930இல் ஜான் நார்த்ரப் பெப்சின் நொதியையும் படிகமாக்கிய பிறகுதான் காற்று திசை மாறியது. 1946இல் வேதியியல் நொபெல் பரிசில் பாதி சம்னருக்குக் கிடைத்தது. 1955இல் அவர் காலமானார்.

இன்று அதனால் என்ன பயன்?

அதே ஜாக் பீன் விதையிலிருந்து ஆல்ஃபா மேனோசிடேஸ் என்ற இன்னொரு நொதியையும் எடுக்கிறார்கள். புரதங்களில் ஒட்டியிருக்கும் மேனோஸ் சர்க்கரையை அது ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். எந்தப் புரதத்தில் என்ன சர்க்கரை இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டறிய அது உதவுகிறது.

புது நொதி கிடைத்தால் முதலில் சுத்தமாகப் பிரிப்பார்கள். பிறகு அதன் எடை என்ன, எந்த வெப்பத்தில், எவ்வளவு அமிலத்தன்மையில் நன்றாக வேலை செய்கிறது என்று அளப்பார்கள். அப்படிப் பிரித்தெடுக்க முடியும் என்பதை முதலில் காட்டியது, சட்டம் படிக்கப் போகாத அந்த ஒற்றைக் கைதான்.