அல்பிரட் நோபல் (1833 – 1896)

நோபல் பரிசைப் பற்றி அறியாத மாணவர் இலர். ஆனால் அப்பரிசுக்குரிய பணம் எங்கிருந்து வந்தது என்று வினவினால் பலர் தடுமாறுவர். சுரங்கங்களிலும் மலைகளிலும் பாறையை உடைத்த வெடிபொருளிலிருந்தே அதில் பெரும்பகுதி வந்தது.

அல்பிரட் நோபல் 1833 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுவீடனின் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமில் பிறந்தார். தந்தை இம்மானுவேல் நோபல் கட்டட வேலைகள் செய்த பொறியியலாளர். மகன் பிறந்த அதே ஆண்டில் அவர் வங்குரோத்து நிலையை அடைந்தார். பின்னர் பிழைப்புத் தேடி ரஷ்யாவுக்குச் சென்று, சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் படையினருக்குக் கடற்கண்ணிகள் செய்து கொடுத்து முன்னேறினார். 1842இல் குடும்பமும் அங்கு போய்ச் சேர்ந்தது. அல்பிரட் பாடசாலைக்குச் சென்ற காலம் மிகக் குறைவு. வீட்டிற்கு வந்து கற்பித்த ஆசிரியர்களிடமே பயின்றார். எனினும் பதினேழு வயதளவில் சுவீடிஷ், ரஷ்யன், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜேர்மன் ஆகிய ஐந்து மொழிகளில் வல்லவராக இருந்தார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நைத்திரோகிளிசரினைக் கண்டுபிடித்தவர் நோபல் எனச் சில மாணவர் எழுதுகின்றனர். இது தவறு. இத்தாலியரான அஸ்கானியோ சொப்ரேரோ 1847இல் அதை ஆக்கினார். அது எவராலும் கட்டுப்படுத்த முடியாத ஆபத்தான திரவம் என்பதே அவரது முடிவு.

அக்காலத்தில் சுரங்கத் தொழிலாளர் பாறையில் துளையிட்டு, கறுப்பு வெடிமருந்தை நிரப்பித் திரியைக் கொளுத்தினர். கடினமான பாறையில் இவ்வேலை மிக மெதுவாகவே நடந்தது. நைத்திரோகிளிசரின் அதைவிடப் பல மடங்கு வலிமையுடையது. ஆனால் வெடிக்க வேண்டிய நேரத்தில் தீ வைத்தால் அது ஒழுங்காக வெடிப்பதில்லை. வெடிக்கக் கூடாத நேரத்தில் ஓர் அதிர்ச்சி பட்டால் வெடித்துவிடும். நோபல் 1863இல் முதற் சிக்கலைத் தீர்த்தார். சிறியதொரு வெடிப்பினால் அதிர்ச்சி கொடுத்துப் பெரிய வெடிப்பை உண்டாக்கலாம் எனக் காட்டினார். இதுவே டெற்றனேற்றர். 1865இல் இரசப் பல்மினேற்று அடங்கிய உலோகக் குப்பியாக அதைத் திருத்தியமைத்தார். டைனமைற்றைவிட இதுவே பெரிய கண்டுபிடிப்பு எனக் கருதுவோர் உளர். அதில் உண்மை உண்டு.

இரண்டாவது சிக்கல் அவரது குடும்பத்திலேயே உயிர்ப்பலி கேட்டது. 1864 செப்ரெம்பர் 3ஆம் திகதி ஸ்ரொக்ஹோமின் ஹெலனபோர்க் பகுதியிலிருந்த அவர்களது தொழிற்கூடம் வெடித்துச் சிதறியது. ஐவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் அல்பிரட்டின் கடைசித் தம்பி எமில்; வயது இருபதுதான். சில மாதங்களில் தந்தையும் பாரிசவாத நோயினால் படுக்கையில் வீழ்ந்தார்.

நகர எல்லைக்குள் இவ்வேலை செய்யக் கூடாது என அதிகாரிகள் தடை விதித்தனர். நோபல் வேலையை நிறுத்தவில்லை. மேலாரன் ஏரியில் ஒரு தட்டைப் படகை நங்கூரமிட்டு, அதன்மேல் நைத்திரோகிளிசரின் தயாரித்தார். இதைத் துணிவு என்பதா, பிடிவாதம் என்பதா என்று மாணவரே தீர்மானிக்கட்டும். பின்னர் ஜேர்மனியில் ஹம்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள குருமெல் என்னுமிடத்திலும் தொழிற்சாலை அமைத்தார்.

1866ஆம் ஆண்டு மிகக் கொடியது. நைத்திரோகிளிசரின் கப்பல்களில் உலகெங்கும் சென்றது. அதைக் கையாண்டவர்களுக்கோ அது இன்னதென்று தெரியாது. சாதாரண எண்ணெய் என எண்ணி வண்டிச் சக்கரங்களுக்குப் பூசியோரும் இருந்தனர் எனக் கூறப்படுகிறது. ஏப்ரலில் பனாமாவில் ஒரு கப்பல் வெடித்தது. அதே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் கசிந்துகொண்டிருந்த ஒரு பெட்டியைத் திறக்க முற்பட்டபோது நிகழ்ந்த வெடிப்பில் பதினைவர் அளவில் இறந்தனர். குருமெல் தொழிற்சாலையும் அவ்வாண்டில் அழிந்தது. பல நாடுகள் இப்பொருளைத் தடை செய்யத் தொடங்கின.

நோபல் எல்பே ஆற்றில் ஒரு தெப்பத்தின் மீது மீண்டும் பரிசோதனைகளைத் தொடங்கினார். அப்பகுதியில் கீசல்கூர் என்னும் மண் கிடைத்தது. நுண்ணிய அல்காக்களின் சிலிக்கா ஓடுகள் படிந்து உண்டான மண் இது. மூன்று பங்கு நைத்திரோகிளிசரினை ஒரு பங்கு மண் உறிஞ்சிக்கொண்டது. கிடைத்த களியை உருட்டிக் குச்சிகளாக்கலாம்; துளையினுள் செருகலாம்; டெற்றனேற்றர் இன்றி எளிதில் வெடிக்காது. இதற்கு டைனமைற்று எனப் பெயரிட்டு 1867இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு இங்கிலாந்தின் மேர்ஸ்ரம் கற்குவாரியில் சுரங்க உரிமையாளர் முன்னிலையில் டைனமைற்றைத் தீயிலிட்டும் உயரத்திலிருந்து எறிந்தும் அது வெடிக்கவில்லை எனக் காட்டினார்.

ஆயினும் ஆபத்து முற்றாக நீங்கவில்லை. குளிர் நாடுகளில் டைனமைற்று உறைந்துவிடும். உறைந்த குச்சிகளை நெருப்பருகே வைத்து இளக்க முயன்று மாண்ட தொழிலாளர் பலர். நிலக்கரிச் சுரங்கங்களில் வெடியின் சுவாலை மெதேன் வாயுவைப் பற்றவைத்தது. எனவே பொருளைத் திருத்தினால் மட்டும் போதாது, கையாளும் மனிதனையும் தகுதி பார்க்க வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. பிரித்தானியா 1869இல் நைத்திரோகிளிசரின் சட்டத்தையும் 1875இல் வெடிபொருட்கள் சட்டத்தையும் இயற்றியது. இவற்றின்படி உற்பத்திக்கும் களஞ்சியத்துக்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்பட்டது, பரிசோதகர்களும் நியமிக்கப்பட்டனர். சுரங்கங்களில் வெடிவைப்பதற்கெனத் தகுதியானவரை நியமிக்கும் வழக்கமும் வளர்ந்தது. இலங்கையில் இவ்விடயம் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்படுகிறது.

ஸ்கொத்லாந்தின் ஆடியர் என்னுமிடத்தில் நோபல் அமைத்த தொழிற்சாலையில் வெப்பமானியைக் கண்காணிப்பவருக்கு ஒற்றைக் கால் இருக்கையே கொடுக்கப்பட்டது. கண்ணயர்ந்தால் கீழே விழுந்து விழித்துக்கொள்வார்.

1872 முதல் 1882 வரை ஆல்ப்ஸ் மலையில் சென் கொத்தார்ட் சுரங்கப் பாதை குடையப்பட்டபோது டைனமைற்று பெருமளவில் பயன்பட்டது. நோபல் 355 காப்புரிமைகளைப் பெற்றார். திருமணம் செய்யவில்லை. முதுமையில் இதயநோய் வந்தபோது வைத்தியர்கள் அவருக்கு விதித்த மருந்தும் நைத்திரோகிளிசரினே.

1895 நவம்பர் 27ஆம் திகதி பாரிசில் தமது இறுதி உயிலில் ஒப்பமிட்டார். செல்வத்தின் பெரும்பகுதியை, அதாவது ஏறத்தாழ 31 மில்லியன் குரோனரை, முதலீடு செய்து, அதன் வருமானத்தைப் பௌதிகவியல், இரசாயனவியல், மருத்துவம், இலக்கியம், சமாதானம் ஆகிய ஐந்து துறைகளுக்கு ஆண்டுதோறும் வழங்குமாறு எழுதினார். பொருளியல் பரிசு இவ்வுயிலில் இல்லை. சுவீடன் மத்திய வங்கி 1968இல் அதை ஏற்படுத்தியது.

1896 டிசெம்பர் 10ஆம் திகதி இத்தாலியின் சான் ரெமோவில் நோபல் காலமானார். உறவினர் சிலர் உயிலை எதிர்த்தனர். அதை நிறைவேற்றும் பொறுப்பைப் பெற்றவர் ரக்னார் சோல்மன் என்ற இருபத்தாறு வயது இளைஞர். பாரிசிலிருந்த பத்திரங்களை அவர் குதிரை வண்டியில் ஏற்றி, கையில் துப்பாக்கியுடன் அருகிலிருந்து கொண்டுசென்றார். முதலாவது பரிசுகள் 1901 டிசெம்பர் 10ஆம் திகதி வழங்கப்பட்டன.